திருஷ்டித் துடைப்பம்

போகியன்று காலை மேனாம்பேட்டில் தெருவெல்லாம் புகை. மாடியில் குடியிருக்கும் ஹேமாவதி பல்கூட விளக்காமல் தடதடவென்று படியிறங்கி, வீட்டுக்காரம்மா நாகவல்லியின் குளியலறைக்குள் புகுந்தாள். மூலையில் இருந்த தென்னந்துடைப்பத்தைக் காணவில்லை.

“ஆன்ட்டி, துடைப்பம் எங்க?”

“கொளுத்தியாச்சி. போகியன்னிக்கி பழச வச்சிகினு இன்னா பண்றது?”

ஹேமாவதி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். துடைப்பத்துக்காக அழுத பெண்ணை மேனாம்பேடு அதுவரை பார்த்திருக்காது.

ஆனால் அந்த அழுகையில் நியாயம் இருந்தது. அவள் பூஞ்சைகளை ஆராய்கிறவள். ஊறுகாய் ஜாடியில் பார்த்து நாம் முகம் சுளிக்கிற ரகமல்ல. மைக்ராஸ்கோப்பில் மட்டுமே முகம் காட்டுகிற ரகம். ஆவணி மழையில் ஒருநாள் அந்தத் துடைப்பக் குச்சிகளில் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டை உருவிக்கொண்டு போனாள். லேபில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வித்துக்கும் மூன்று கொம்பு! எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

புது இனத்துக்குச் சும்மா பேர் வைத்துவிட முடியாது. ‘இதுதான் அது’ என்று காட்ட, உலர்ந்த மாதிரி ஒன்றைக் காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். உருவிய குச்சிகள் சோதனைக்கே தீர்ந்துவிட்டன. கண்ணாடித் தட்டுகளில் வளர்த்ததை உலர்த்திக் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள். நேற்று போய்ப் பார்த்தால், பொடிப்பொடியான பூச்சிகள் புகுந்து அத்தனையையும் தின்றிருந்தன. இத்தனை வருடப் படிப்பில் அவள் கண்டுபிடித்தது அந்த ஒன்றுதான்.

விம்மலுக்கு நடுவே இதையெல்லாம் கேட்ட நாகவல்லி, தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆவணில இருந்த தொடப்பமா? அட லூசே, இப்ப கொளுத்தனது தீபாளிக்கு வாங்கனது. நீ சொல்றது தேஞ்சி பூட்ச்சின்னு, கோபி கட்ற ஊட்டுல திஷ்டிக்கித் தொங்க உட்டேன். எய்ந்திரு!”

வானகரத்தில் மகன் கோபி கட்டும் வீட்டில், சன்ஷேடின் அடியில், நாக்கை நீட்டிய பூசணிக்காய்ப் பூதத்துக்குப் பக்கத்தில் அது தலைகீழாகத் தொங்கியது. சாரல் படாமல், காற்றில் நன்றாகக் காய்ந்து, காப்பகத்தில் கேட்பார்களே, அந்தப் பக்குவத்தில் இருந்தது. ஹேமாவதிக்கு உயிர் வந்தது.

கோபிதான் முறைத்துக்கொண்டு நின்றான்.

“எம்மா, குடி போற வரிக்கும் எறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? எதுனா ஒண்ணு ஆச்சின்னா?”

அவன் சொல்வதும் தப்பில்லையே என்று ஹேமாவதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். நாகவல்லி குனிந்து தன் வலதுகால் செருப்பைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

“இத்தக் கட்டு. உன்னிய அடிச்சி வளத்த செருப்பு. இதுக்கு பயப்படாத கண்ணு எதுடா?”

கோபிக்கே சிரிப்பு வந்துவிட்டது. துடைப்பத்தை அவிழ்த்துக் கொடுத்தான்.

நாகவல்லி இன்னொரு செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஹேமாவதி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தும் வாங்கவில்லை. அவளைப் பெற்றவளே ‘பூசணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்’ என்று சலித்துக்கொண்டிருக்க, இந்த அம்மாள் இதனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேப்பரில் சுற்றிய துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு நன்றி சொல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

வந்தது ஆடியில்தான். ஆராய்ச்சி இதழில் வெளியான பக்கத்தைப் போனில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த இனத்துக்கு அவள் நாகவல்லியின் பேரை வைத்திருந்தாள்.

“தொடப்பத்துல கீற பூஞ்சக்கா என் பேரு? வேற நல்லதே கெடைக்கலியா உனுக்கு?”

“இனிமே உலகத்துல யாரு இதப் பாத்தாலும் உங்க பேரச் சொல்லித்தான் ஆகணும் ஆன்ட்டி.”

“இந்த ஊடு அவரு பேர்ல கீது. அந்த ஊடு கோபி பேர்ல கீது. என் பேர்ல இதான் மொதலு” என்றாள் நாகவல்லி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“மூணு கொம்பு வச்சிகினு கீது” என்றாள். “சரியாத்தான் பேர் வச்சிக்கீற.”