நள்ளிரவுக்கு முன் பிறந்த நெலிதா

அன்றிரவு அறையில் இருந்தவர்கள்: இத்தாலியின் பியமோந்தே மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த தாய் செவெரினா, பிரசவம் பார்த்த தோன்யா பிலார், வெளியே நிற்கச் சொல்லியும் உள்ளே நின்ற தகப்பன் எவாரிஸ்தோ, வெந்நீர் கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரி, பிறகு நெலிதா, பிறகு இர்மா. நெலிதா 1947 டிசம்பர் 31 இரவு பிறந்தாள். ரோசாரியோ நகரம் புத்தாண்டு வெடிகளை வெடித்து ஓய்ந்தபின் இர்மா பிறந்தாள். இர்மாவின் புருவங்களில் உறைபனி இருந்தது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் அது கோழி மயங்கி விழும் வெயில்காலம். தோன்யா பிலார் பனியைத் துணியால் துடைத்தாள். மறுபடி படிந்தது. விட்டுவிட்டாள்.

இர்மா இத்தாலியின் பருவத்தில் வளர்ந்தாள். ஜனவரியில் தெருவே ஆற்றில் குளிக்கப் போகும்போது அவள்மேல் மட்டும் பனி பெய்தது. ஜூலையில் எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, அவள் கையில்லாத சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வே குமாஸ்தா ஒருவனைக் கட்டினாள், ஃபாபியானைப் பெற்றாள், புருஷனைப் புதைத்தாள். நெலிதா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் தோளில் சேரும் பனியைத் தட்டிவிடுவது அவள் வேலை. எரிச்சலோடுதான் தட்டினாள். ஒருநாளும் தட்டாமல் இருந்ததில்லை.

அறுபது வயதில் இர்மாவின் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. வெளியே ஒரு பருவமும் உடம்புக்குள் இன்னொன்றுமாக இருந்தால் சுவர்கூட வெடிக்கும், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்துக்குப் போகட்டும், இல்லையென்றால் அதிக வருஷம் தாங்காது என்றார் டாக்டர். ஆகவே சகோதரிகள் இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தூதரகம் போனார்கள். இர்மாவின் விஷயம் சுலபம். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், தன்னுடையது, வரிசையில் காத்திருக்கப் பொறுமை. நெலிதாவுக்கு அங்கே வழியே இல்லை. 1948 பிறப்பதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு அப்பன்தான் குடியுரிமை தர முடியும், தாய் தர முடியாது என்பது பழைய சட்டம். எவாரிஸ்தோ இத்தாலியர் இல்லை. அந்த வருஷம் வந்த அரசியல் சாசனம் அதை மாற்றியது, ஆனால் அன்றிலிருந்துதான். முன்னால் பிறந்தவர்கள் ரோமில் வழக்குப் போட வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டும். ஒரே வயிற்றில் கிடந்த இருவருக்கு இரண்டு பதில் சொன்ன தூதரகக் குமாஸ்தா, அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

நெலிதா இல்லாமல் போகமாட்டேன் என்றாள் இர்மா.

மாத்தே தேநீர்க் கிண்ணம் கை மாறியபடி இருக்க, பேச்சு பல வாரம் ஓடியது.

"பெரியம்மா, வக்கீலுக்குக் கொட்டிக் குடுக்காதீங்க. எல்லாம் இன்டர்நெட்ல இருக்கு. நானே போட்டுடறேன்," என்றான் ஃபாபியான்.

"நீ போட்ட குழாயே இன்னும் ஒழுகுது."

அவன் ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தான். அந்த ஆள் உட்காரக்கூட இல்லை. "பதிவுல கொஞ்ச நேரம் தள்ளி எழுதணும். அவ்ளோதான். ரெண்டு பேருமே ஜனவரி ஒண்ணு. இதுக்குப் போய் கோர்ட்டா?"

"அப்ப டிசம்பர்ல எங்கம்மா யாரு?" என்றாள் நெலிதா.

"கையெழுத்துப் போட்டுத் தொலையேன் நெலி. எனக்குக் குளிருது," என்றாள் இர்மா.

"பொய்யச் சொல்லிப் போயி அங்க மாட்டினா என்னைத் திருப்பி அனுப்பிடுவான். நீ ஒண்டியா கெடப்ப. அப்ப யாரு தட்டிவிடுவா?"

புரோக்கர் போய்விட்டான். வக்கீல் ஓர்னெல்லா வந்தாள். தங்கைக்குத் தான் தேவையில்லை, அதற்குக் காசு வாங்கினால் திருட்டு என்றாள். "அக்காவுக்கு நான் இல்லாம நடக்காது. வருஷக்கணக்குல இழுக்கும். ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்." அது நெலிதாவுக்குப் பிடித்திருந்தது. காரை விற்றார்கள்.

இர்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அலமாரியில் கிடந்தது. வழக்கு இழுத்தது. ஒரு ஜனவரியில் இர்மாவின் கட்டிலில் முழங்கால் உயரம் பனி விழுந்தது. ஆஸ்பத்திரியில் அவள் படுக்கையைச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "நீ போயிடு, நான் பின்னாடி வரேன்," என்றாள் நெலிதா. இர்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் ஒரு காலை இழுத்து நடக்கத் தொடங்கிய வருஷம் தீர்ப்பு வந்தது: செவெரினா எப்போதும் இத்தாலியப் பெண்ணாகவே இருந்தாள், டிசம்பரிலும். நெலிதாமேலும் இனிப் பனி விழும் என்று தெருவில் பந்தயம் கட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. கட்டியவர்கள் தோற்றார்கள்.

அம்மாவின் கிராமத்தில் வீடு எடுத்தார்கள். ஜனவரியில் எல்லார்மேலும் பனி பெய்தது, இர்மாமேலும் பெய்தது. அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால் சரியாகவில்லை, ஆனால் வலி நின்றது. நெலிதாதான் கையில்லாத சட்டையில் வியர்த்து நின்றாள். ரோசாரியோவின் கோடை அவளோடு வந்திருந்தது. அவள் நின்ற இடத்தில் பனி உருகிப் புல் தெரிந்தது. கிராமத்துப் பெண்கள் முதல் வாரம் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் ஈரத்துணி கொண்டுவந்தார்கள். பாதிரியாரின் அங்கி முதலில் காய்ந்தது. நெலிதா இரண்டு கைகளையும் நீட்டி முற்றத்தில் நின்றாள், ஈர விரிப்புகள் அவள் கைகளில் தொங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

இர்மா காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஊர்த்துணி காயப்போடவா கோர்ட்டுக்குப் போனோம்? உள்ள வா."

"இன்னும் ரெண்டே விரிப்பு."

"நாளைக்கு. எனக்கு முதுகு சில்லுன்னு இருக்கு."

நெலிதா விரிப்புகளை வேலியில் போட்டுவிட்டு வந்தாள். வெளியே ஒருத்தி கூடையோடு காத்திருந்தாள். இர்மா அக்காவை உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள்.