இரண்டு சீல்

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து வால்டரின் குரல் சிலுவையம்மாளுக்குக் கேட்டது.

"பழைய சீல ரெண்டையும் பிச்சி எறிஞ்சாச்சு மாமு. புதுசு அடிச்சிட்டா பிரிச்சதே தெரியாது."

"கில்லாடிடா நீ." இது அவனுடைய தோஸ்து பரசுராமன். "தங்கச்சி வர்றதுக்குள்ள முடி. இல்லாங்காட்டி என்னைத்தான் திட்டும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி நான்கு மாதம். வால்டர் துறைமுக ஷெட்டில் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. அவளுடைய அப்பா அம்புரோஸும் அங்கே வாட்ச்மேனாக இருந்தவர்தான். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், அவர் காவலில் இருந்த வேகனின் ஈயச் சீல் உடைந்து கிடந்தது. அப்பா ஒரு குண்டூசிகூட எடுத்தவரில்லை. ஆனாலும் போலீஸ் வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைத் தரையில் கவிழ்த்தது. வேலை போயிற்று. அன்றிலிருந்து 'சீல்' என்ற சொல்லே அவளுக்கு பூட்ஸ் சத்தம்தான்.

காலையில் வால்டர் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் எதையோ வைத்தது நினைவுக்கு வந்தது. போய்த் துழாவினாள். பழுப்புக் காகிதப் பொட்டலம். உள்ளே வட்டமாக என்னவோ இரண்டு. பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இந்த வீட்டில் எங்கே ஒளித்தாலும் போலீஸ் கையில் அகப்பட்டுவிடும். ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. முந்தானையில் பொட்டலத்தை முடிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

அஜீசுன்னிசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிலுவையம்மாளின் முகத்தைப் பார்த்தாள், நீட்டிய பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இத்த..."

"இன்னான்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத." வாங்கி அரிசி டின்னுக்குள் ஆழமாக அழுத்தினாள். "தண்ணி குடிச்சிட்டுப் போ."

அந்த ஒரு டம்ளர் தண்ணீர் இல்லையென்றால் திரும்பி நடந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. முழங்கைவரை எண்ணெயோடு வால்டர் நின்றான்.

"இங்க ஒரு பொட்டலம் வெச்சேனே, பாத்தியா?"

"நான் பாக்கலியே."

கணவனிடம் அவள் சொன்ன முதல் பொய். சொன்னதும் வாய் கசந்தது.

"சீலு இல்லாம வண்டிய எப்படி மாட்டறது? பாவம், பரசுராமன் எண்ணூர் ஷிப்டுக்குப் போவணும்."

"வண்டியா?"

கொல்லைக் கதவைத் திறந்து காட்டினான். பரசுராமனின் மோட்டார் சைக்கிள் முன் சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. சக்கரத்தைப் பிடிக்கிற இரண்டு ஃபோர்க் குழாய்களும் கழற்றப்பட்டு, பால் டின் மூடியில் கறுப்பு எண்ணெயைச் சொட்டிக்கொண்டிருந்தன.

"எண்ணெ ஒழுவாம அடைக்கிற ரப்பரு வளையம். அதுக்குப் பேருதான் சீலு. வேற இன்னான்னு நெனச்ச?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அஜீசுன்னிசா வீட்டுக்கு ஓடினாள். அஜீசுன்னிசா அரிசியைத் தட்டிவிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தாள். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

வரும் வழியிலேயே சிலுவையம்மாள் அதைப் பிரித்தாள். எண்ணெய்க் காகிதத்தில் பளபளவென்று இரண்டு கறுப்பு வளையங்கள். காகிதத்தின் மேல் ஏதோ சீமை எழுத்து. ஓரத்தில் ஊதா மையில், பெட்டி எண்ணோடு துறைமுக முத்திரை. சின்ன வயதிலேயே அவளுக்குப் பழகிய முத்திரை. சிரிப்பு நின்றுபோயிற்று.

கொல்லைக்கு வந்தாள். "இது எந்தக் கடையில வாங்குனது?"

வால்டர் பரசுராமனைப் பார்த்தான்.

"வண்ணாரப்பேட்டக் கடையிலன்னு சொல்லேன்டா, இன்னாத்துக்கு முழிக்கிற?" என்று பரசுராமன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஷெட்டுல ஒரு பொட்டி பிரிஞ்சி கீழ கொட்டிக் கெடந்துச்சி சிலுவ. பெருக்கித் தள்ற சரக்குதான். ரெண்டே ரெண்டு."

"சீல் ஒடைஞ்ச பொட்டியா?"

வால்டரின் முகம் மெல்ல வெளுத்தது. அம்புரோஸின் கதை அவனுக்குத் தெரியும்.

பரசுராமன் எழுந்து கையைச் சாக்கில் துடைத்தான். "வேணாம் தங்கச்சி. எனக்கு இது வேணாம். வண்டி இங்கியே கெடக்கட்டும், நான் பஸ்ஸுல போய்க்கிறேன். என்னாலதானே இந்தப் பேஜாரு." வால்டரின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுச் சந்து வழியாகப் போனான்.

வால்டர் செங்கல் பக்கத்தில் உட்கார்ந்தான். "வெச்சிக்கினாலும் பயம். நாளைக்கித் திருப்பிக் குடுத்தா, எப்படிரா ஒன் கைக்கு வந்துச்சின்னு கேப்பானே. இன்னா சொல்லுவேன்?"

சிலுவையம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் ஊறிய அவன் விரல்களைப் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நானும் கூட வரேன். ஆர்பர் கேட்டு வாசல் வரிக்கும்."

வால்டர் வளையங்களைக் காகிதத்தில் மடிக்கப் பார்த்தான். மடிப்பு நிற்கவில்லை. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அவன் மறுமுனையை மடித்தான். அவர்களுக்குப் பின்னால் பால் டின் மூடி நிரம்பி, எண்ணெய் விளிம்பைத் தாண்டி மெதுவாக மண்ணில் இறங்கத் தொடங்கியது.