முப்பத்தோரு ஆம்பியர்

அறுந்து விழுந்த கம்பியைக் கையால் தொட்டு லைன்மேன் செத்துப்போய்ப் பதினோரு நாளாகிறது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று உறுதி சொல்லும் லைன் கிளியர் வாங்காமல் தொட்டது அவருடைய கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேவுக்கு, அந்த லைனில் அளவு குறித்துக் கொடுத்த இன்ஜினியர் அவருடைய மச்சினன்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அலுவலகத்தில் பழைய கணக்கைத் திறந்தான். விழுந்த கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே தடை எவ்வளவு என்று கேட்கும் ஃபால்ட் இம்பீடன்ஸ் கட்டத்தில் பூஜ்யம். எல்லோரும் போடுவதுதான். பூஜ்யம் போட்டால் கரண்ட் எக்கச்சக்கமாக வரும், அதற்கே கருவிகள் தாங்கினால் எதற்கும் தாங்கும் என்று ஒரு அசட்டு நிம்மதி. கம்பி விழுந்ததோ மின்சாரம் லேசில் பாயாத காய்ந்த ஜல்லியில். இருநூறு ஓம் போட்டுப் பார்த்தான். முப்பத்தோரு ஆம்பியர் வந்தது. நூற்றிருபதைத் தாண்டினால்தான் ரிலே அசையும்.

ஓடிப்போய் மேலதிகாரி முன்னால் நின்றான். "சார், தப்பு என்னோடது. அறிக்கையை மாத்துங்க."

அவர் தாளைப் பார்த்தார். "உக்காருப்பா. இருநூறே போட்டிருந்தாலும் என்னத்தைக் கிழிச்சிருப்பே? ரிலேவை முப்பதுக்கு இறக்கினா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் துண்டிச்சு ஊரே தினம் பத்து வாட்டி இருட்டாகும். காஞ்ச தரையில கிடக்கிற கம்பி ரிலேவோட கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தானே லைன் கிளியர்? முப்பது வருஷ சர்வீஸ், அந்த மனுஷனுக்கு இது தெரியாதா?"

தெரியும். தெரிந்தவர் ஏன் தொட்டார்? அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறான்! "மாமா, இது நான் போட்ட செட்டிங். கம்பி தரையைத் தொட்ட அடுத்த நொடி லைன் செத்துடும்." பாவி, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். மாமாவின் ரப்பர் கையுறை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. அக்கா அறிக்கையை நீட்டினாள்.

"கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்கடா. எதையும் ரெண்டு வாட்டி பாத்துச் செய்யற மனுஷன். நீ படிச்சவன், சொல்லு, ஏன் தொட்டாரு?"

"என் பேச்சை நம்பிட்டாருக்கா." எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். செருப்பை எடுத்து அடிப்பாள், அடித்தால் தேவலை என்று தலைகுனிந்து நின்றான்.

அவள் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் கையுறையை எடுத்துட்டுப் போங்கன்னேன். 'உன் தம்பி இருக்கான், எதுக்கு பயப்படறே'ன்னு சிரிச்சுட்டே போனாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்டா."