செதுக்கிய முகம்

அந்தத் திங்கட்கிழமை மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: பெரியவர் ஷரஃபுதீன், அவர் மனைவி அன்வரி பேகம், மகன் ஆசிஃப், முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி அப்துல் கய்யூமின் மகள் ஆயத். வேறு யாரும் இல்லை.

ஆயத் பழைய செப்புக்காசு ஒன்றை மேசையில் வைத்தாள். "அத்தா குடுக்கச் சொன்னாரு, பெரியத்தா. அடையாறு ஆஸ்பத்திரில கீறாரு. ஒரு வாரம் தாங்குனா பெருசுன்ட்டாங்க."

"மயிலாப்பூர்ல பொறந்தவன் பொண்ணு, 'கீறாரு'ன்றா" என்றார் ஷரஃபுதீன்.

"குப்பத்துல வளந்தா அப்டித்தான். வந்து அவரையே திட்டுங்க."

அன்வரி பேகம் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

ரோமாபுரிக் காசு. இரண்டு தலைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எதிரே உளி பட்ட பள்ளம். ஷரஃபுதீனும் தம்பியும் சேர்ந்து காசு சேகரித்த நாளில் தேடித் தேடியும் கிடைக்காதது. ரோமில் கூட ஆண்ட தம்பியை அண்ணன் ராஜா கொன்றான். காசு போகிற ஊரெல்லாம் ராஜாவின் முகமும் போகுமே! அதனால் தம்பி முகத்தைக் காசிலிருந்தும் எடுக்கச் சொன்னான்.

"அத்தா இன்னா சொன்னாரு தெரியுமா? 'அந்த ராஜா, தம்பி செத்தப்புறம் அழிச்சான். எங்கண்ணன் நான் உசுரோட இருக்கசொல்லவே அழிச்சிட்டாரு'ன்னு சிரிச்சாரு."

கய்யூம் குப்பத்து ரோஸியைக் கல்யாணம் செய்த அன்று, வாசல் சலவைக்கல் பலகையில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்றை ஷரஃபுதீன் ஆள் வைத்துச் செதுக்கி எடுத்தார். குடும்ப மானம் என்றார்.

"வரேன்னு சொல்லு" என்று ஆயத்தை அனுப்பினார். ஆனால் வெறுங்கையோடு தம்பி முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை. பெயரை மறுபடி பொறித்து, படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட நினைத்தார். அன்று மாலையே வந்த கல்தச்சர் வேம்பு பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப ஆழமா எடுத்துட்டீங்க சார். இதுல எழுத்து நிக்காது. புதுக்கல்லுதான். வியாழன் ஆவும்."

"மொதல்ல போய்ப் பாருங்க அத்தா. கல்லு எங்க போவுது?" என்றான் ஆசிஃப்.

"வியாழன் போலாம்."

புதன் மதியம் ஆயத் போன் செய்தாள். அழுகை மட்டும்தான் கேட்டது. அது நின்ற பிறகும் ஷரஃபுதீன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் கல் வந்தது. தம்பியின் பெயரைத் தடவினார். புது எழுத்தின் விளிம்பு விரலைக் கிழித்தது.

தம்பி மவுத்தான பிறகுதான் ஊருக்காகப் பெயர் போட்டார் என்று மாடவீதியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். செய்யச் சொன்னது திங்கட்கிழமை. கல் வந்ததுதான் வியாழக்கிழமை.