அர்லீன் மாட்டிய செயின்

"அம்மா, பாஸ்டர் தண்ணி தெளிக்கிறது வண்டிக்கா, ஓட்டுறவங்களுக்கா?"

ஐந்து வயதில் மகள் பெக்கி கேட்ட கேள்வி அது. விஸ்கான்சினில் பனி உருகி, மே மாதத்து முதல் ஞாயிறு வந்துவிட்டால், தேவாலயத்து வாசலில் ஊரிலுள்ள மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். பாஸ்டர் பைன் கிளையால் தண்ணீர் தெளித்து, அந்த வருடத்துப் பயணங்களுக்காக ஜெபிப்பார்.

"ரெண்டுக்கும்தான்டி" என்று அர்லீன் அன்றைக்குச் சமாளித்துவிட்டாள். ஆனால் மனதுக்குள் ஒரு கூச்சம் தங்கிப்போனது. அவளுடைய வண்டிக்கு எண்ணெய் போட்டு, முடுக்கி, துடைத்து நிறுத்துகிறவன் அவள் கணவன் லைல். ஏறி உட்கார்ந்து ஆசீர்வாதம் வாங்குகிறவள் மட்டும் அவள்.

பெக்கி வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். இந்த வருடம் லைலுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்து, வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. அந்த நேரம் பார்த்து அர்லீனின் வண்டிச் செயின் தொய்ந்து, பல்சக்கரங்களின் பற்கள் கொக்கிபோலத் தேய்ந்திருந்தன. ஞாயிறுக்கு முன்னால் முடியாது என்று ஊர் மெக்கானிக் கைவிரித்துவிட்டான்.

"என் பிக்கப் டிரக்ல வந்து இறங்கேன். தண்ணி உன் தலையிலயும் விழும்" என்றான் லைல்.

"நான் என்ன வாடிப்போன செடியா, தண்ணி ஊத்துறதுக்கு? வண்டியிலதான் போவேன். நானே மாத்துறேன்."

சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைத் தூக்கினாள். லைல் மடக்கு நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தான். காப்பி எடுத்துவர அவன் உள்ளே போய்த் திரும்புவதற்குள், அர்லீன் கட்டரால் பழைய செயினை அறுத்துத் தரையில் போட்டிருந்தாள். வேட்டையாடிய மானைக் காட்டுகிறவள்போல அதைக் காட்டினாள்.

லைல் காப்பியைக் கீழே வைத்தான்.

"முன் பல்சக்கரத்து நட்டைக் கழட்டிட்டியா?"

"அது அடுத்த வேலை."

"ஐயோ, என் ராணி! செயின் இருந்தா, பின் பிரேக்கை மிதிச்சாப் போதும், அந்தப் பல்சக்கரம் ஆடாம நிக்கும். இப்ப எதைப் பிடிச்சு அந்த நட்டைத் திருகுவே?"

அவன் சொன்னது சரிதான். கியரில் போட்டுத் திருகினாள். இன்ஜினும் கூடவே சுற்றியது. மரக்கட்டையை முட்டுக்கொடுத்தாள்; கட்டை பிளந்தது. மதியத்துக்குள் முழங்கை வரை கருப்பு, விரல் முட்டியில் ரத்தம்.

"பரவால்ல, அர்லீன். பிக்கப்லயே போயிடலாம்" என்றான் லைல். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

முகம் கழுவ வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கராஜ் வாசலில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. அதன் நுனியில் பழைய செயின் துண்டு ஒன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது.

"யார் வெச்சது?"

"பக்கத்து வீட்டு வெண்டெல். நாம போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். வெச்சாரு, தொப்பியைத் தொட்டாரு, போயிட்டாரு." லைல் கம்பியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "இந்தச் செயினைப் பல்லுல சுத்திக் கம்பியை முட்டுக்கொடுத்தா, பல்சக்கரம் அசையாது. இதை உட்கார்ந்து செஞ்சு வெச்சிருக்காருன்னா, அவரும் ஒரு நாள் செயினை முதல்ல வெட்டினவர்தான்!"

அர்லீனுக்கும் சிரிப்பு வந்தது. இடறி விழுந்தவன்தான் அடுத்தவனுக்காக அந்தக் கல்லை நகர்த்தி வைக்கிறான்.

கம்பி பிடித்துக்கொண்டது. நீளப் பிடி ஸ்பேனரில் தன் முழு எடையையும் போட்டாள். 'டக்' என்று நட்டு விட்டுக்கொடுத்தது. லைல் ஒற்றைக் கையால் தொடையைத் தட்டினான். அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. பழைய பல்சக்கரங்கள் இருந்த இடத்தில் புதியவை ஏறின. புதுச் செயின் சுற்றி வந்து இணைந்தது. இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். சொல்வதற்கு லைல் வாயெடுத்தான், அவள் அதற்குள் சரியாகவே மாட்டியிருந்தாள். அவன் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துத் தொய்வைப் பார்த்தான்.

"நான் மாட்டினாலும் இப்படித்தான் மாட்டியிருப்பேன். பொய் சொல்லக் கூடாது, இதைவிடக் கொஞ்சம் மோசமாத்தான் மாட்டியிருப்பேன்."

சாயங்காலம் கம்பியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்ல வெண்டெல் வீட்டுக்குப் போனாள். அவர் கம்பியை வாங்கிக்கொண்டார், நன்றியை வாங்கவில்லை.

"எதுக்கும்மா நன்றி? சும்மா துருப்பிடிச்சுக் கிடந்தது. உன் வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க!"

"அப்புறம் என்ன. போய்ச் சாப்பிடு."

ஞாயிறு காலை அர்லீன் தன் வண்டியிலேயே போனாள். புதுச் செயின் தண்ணீர்போல ஓடியது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் லைல், "அவளே மாத்தினா, நான் காப்பி மட்டும் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பைன் கிளை அவள் முன் அசைந்தபோது அர்லீன் தலைகுனிந்தாள். தெளித்த நீர் நெற்றியிலும் பெட்ரோல் டேங்கிலும் விழுந்தது. முதல் முறையாக அவளுக்குக் கூச்சம் வரவில்லை.

பக்கத்து வரிசைக்கு வெண்டெல் வந்து நின்றார். அவர் வண்டி வறண்ட கிரீச்சொலியோடு வந்து நின்றது. செயின் முழுக்கச் செந்துரு. போன குளிர்காலத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்த பிறகு அவரால் முட்டிபோட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

ஜெபம் முடிந்தது. பான்கேக் வாசனையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். "வர்றியா?" என்றான் லைல்.

"நீ போ. வண்டிப் பைக்குள்ள எதையோ வெச்சேன், எடுத்துட்டு வந்துடறேன்."

வாசல் வெறிச்சோடியதும், பையிலிருந்து செயின் எண்ணெய் டப்பாவையும் துணியையும் எடுத்தாள். வெண்டெலின் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, தார்த்தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பின் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, கண்ணி கண்ணியாகத் துருவைத் துடைத்து எண்ணெய் விட்டாள். கிரீச்சொலி சுற்றுக்குச் சுற்று தேய்ந்து, கடைசியில் நின்றே போனது.

வண்டியை இருந்தபடியே இறக்கி நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.