எல்லாத் திரைக்கும் ஒரே பட்டன்

லைனில் சந்தனமாரி நிற்கும் ஸ்டேஷனின் திரையில் ‘நிறுத்து’ பட்டனைக் காணவில்லை. ஷெர்லின் விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். அடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

காலை ஷிஃப்டில் கீறல் விழுந்த கார் கதவுகள் லைனைத் தாண்டிப் போய்விட்டிருந்தன. நிறுத்தாமல் விட்டவள் சந்தனமாரி என்று மெமோ தயாராகிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஊருக்கு அனுப்ப ஒரு மெமோ போதும்.

“நேத்து பக்கத்து ஸ்டேஷன்ல நின்னேன்க்கா. அங்க மேலயே இருந்துச்சு. இங்க தேடுதேன், காங்கல. அதுக்குள்ள கதவு போயிட்டு.”

அந்தத் தொழிற்சாலையின் திரைகளை எழுதுவதுதான் ஷெர்லினின் வேலை. அவளுக்கு முன் இருந்தவர் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பழைய பக்கத்தையே நகலெடுத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குத் தெரியாது. பட்டனை ஒரே இடத்தில் எழுதி, எல்லாப் பக்கங்களும் அதையே எடுத்துக்கொள்ளச் செய்யலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் நேரமில்லை என்றார்கள்.

மேலாளர் இனியவன் வந்தார். “ஓடிகினு இருக்கறதுல இன்னாத்துக்கு கை வெக்கிற? இந்த ஸ்க்ரீன மட்டும் சரி பண்ணிட்டுப் போம்மா.”

“நாளிக்கு வேற ஸ்டேஷன்ல இன்னொரு பொண்ணு தேடிகினு நிப்பா சார். மெமோல இவ பேர் வந்தா, நான் பாத்தத மெயில்ல எழுதிடுவேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள முடி.”

தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். சில ஸ்டேஷன்களில் நிறுத்தினால் திரை காரணமும் கேட்கும். அதையும் பட்டனுக்குள்ளேயே திணித்துவிடக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். அமுக்கியதைச் சொல்வது மட்டும் பட்டனின் வேலை. அதன்பின் ஆகவேண்டியதை அந்தந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷிஃப்ட் மாறும்போது லைன் நெடுகத் திரைகள் வெளுத்து மீண்டன. எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் சிவப்பாக ‘நிறுத்து’. இனியவன் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே நடந்தார்.

“எச்.ஆர்.ல பேசறேன்” என்றார்.

கம்பெனி பஸ்ஸில் சந்தனமாரி நகர்ந்து இடம்விட்டாள்.

“மெமோ வருமாக்கா?”

“தெரியலம்மா.”

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. மதியம் திறக்காத டிபன் டப்பாவைச் சந்தனமாரி இப்போதுதான் திறந்தாள். எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் வைத்து ஷெர்லினிடம் நீட்டினாள். பஸ் நகர்ந்தபோது சோறு சிந்தாமலிருக்க இருவரின் கைகளும் மூடியைப் பிடித்திருந்தன.