தட்டில் விழுந்த சாம்பல் வளையம்

கலியாணசுந்தரம் வீட்டில் இசைத்தட்டைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். சோப்புப் போட்டு. அவர் சுங்க இலாகாவில் குமாஸ்தா, முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. செமாபோக்கில் அவருடைய முன்னறையில் பாதியை ஒரு ஸ்டீரியோ ரேடியோகிராம் அடைத்துக்கொண்டிருந்தது. 1968இல் மலாக்காவில் எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட பெட்டி இரண்டு வீட்டில்தான் இருந்தது. இன்னொன்று ஒரு பல் டாக்டர் வீட்டில். அவர் எங்களை உள்ளே விடமாட்டார்.

நான் ஐஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பத்திலிருந்து ஆறு. நான்காம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அதற்கு மேல் நல்ல வேலை கிடைக்கவில்லை; தேடவும் இல்லை. பகலில் தூங்கி எழுந்து ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சைக்கிளில் செமாபோக் போய்விடுவேன். வாரத்தில் நான் மனிதர்களோடு உட்காரும் நேரம் அதுதான்.

மேடையில் நேரடியாகப் பதிவான ராக் இசைத்தட்டுகள் மட்டுமே எங்களுக்கு வேண்டும். இங்கிலாந்துக் குழு ஒன்றின் தட்டு அவரிடம் மோனோவிலும் இருந்தது, ஸ்டீரியோவிலும் இருந்தது. மோனோவில் கூட்டத்தின் கூச்சல் பாட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டீரியோவில் அது இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிட்டாருக்கு வழிவிடும். எது நிஜமான கச்சேரி என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசி வரிசையில் நிற்பவனுக்கு எல்லாம் ஒரே கட்டியாகத்தான் கேட்கும், அதனால் மோனோதான் நிஜம் என்பது என் கட்சி. "நீ என்னைக்கு தம்பி முன் வரிசைல உக்காந்திருக்க" என்பார் அவர்.

எங்கள் ஊர்க் கச்சேரி ஒன்றும் தட்டாக வந்திருந்தது. மெர்டேக்காவின், சுதந்திரம் வந்த பத்தாவது வருடக் கொண்டாட்டத்துக்காக 1967 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து சில்வர் ஆங்கர்ஸ் என்ற குழு வந்து நகர மண்டபத்தில் வாசித்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவர்களுடைய கிட்டார்காரனுக்கு வயிறு கலங்கிவிட்டது. அவன் கழிப்பறைக்கு ஓடினான், திரும்பவில்லை. மேடைக்குப் பக்கத்தில் வாத்தியப் பெட்டி தூக்கிக்கொண்டு நின்ற ராஜரத்தினத்தை மேலே ஏற்றினார்கள்.

ராஜரத்தினம், எங்களுக்கு ராஜா, காஜா பெராங் தெருச் செட்டிப் பிள்ளை; பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட தமிழர் வழி. என்னோடு பள்ளியில் படித்தவன், நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவன். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். சாமியும் பெயரும் தமிழ். என்னோடு பேசும்போது இருக்கிற தமிழையும் மலாயையும் சேர்த்துக் குழப்புவான். கிட்டாரில் மட்டும் குழப்பமே இருக்காது.

அந்தப் பாட்டு முதலில் சின்ன மோனோ தட்டாக வந்தது. மலாக்காவில் இறங்கிய சில பிரதிகள் ஒரே நாளில் தீர்ந்துவிட்டன, எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் முழுக் கச்சேரியும் ஸ்டீரியோ எல்.பி.யாக வந்தது. கடைசிப் பாட்டின் நடுவில் நாற்பது வினாடி கிட்டார் தனி. கண்ணாடி மாதிரி. அட்டையில் ராஜாவின் பெயர் இல்லை.

அது எனக்குப் பொறுக்கவில்லை. மார்ச்சில் அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் தட்டில் அந்தத் தனியை வாசித்தவன் மலாக்காவில் மேப் வரைந்துகொண்டிருக்கிறான், நான் கண்ணால் பார்த்தவன் என்று. ஏப்ரலில் பதில் வந்தது. மலாக்காப் பையனை எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை கிட்டாரோடு வரட்டும். பிடித்திருந்தால் திங்கட்கிழமையே ஒரு ஹோட்டலில் வாசிக்கத் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூர் இப்போது வேறு நாடு. ராஜா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். அவன் அம்மா பொன்னம்மா மாரியம்மன் கோயிலில் சொல்லிவிட்டார்; அதற்குப் பிறகு காஜா பெராங்கில் தெரியாதவர் இல்லை. கலியாணசுந்தரத்தின் எல்.பி.யை ராஜா இரவல் வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதம் ஆகியும் தரவில்லை.

"அவன் சிங்கப்பூர் போறதுக்கு முந்தி என் தட்டு எனக்கு வேணும்" என்றார் கலியாணசுந்தரம். சிங்கப்பூரில் வாசிக்க வேண்டிய சனிக்கு முந்திய ஞாயிறு, போகிற வழியில் நான் அவன் வீட்டில் நிறுத்தினேன். அவன் இல்லை. பொன்னம்மா எடுத்துக் கொடுத்தார்.

செமாபோக்கில் கலியாணசுந்தரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சின்ன மோனோ தட்டு கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல்காரர் மூலம் கிடைத்திருந்தது.

"இன்னைக்கு நம்ம ஊருச் சண்டை" என்றார். "மொதல்ல எல்.பி."

கடைசிப் பாட்டு. தனி வரும் இடத்தில் வந்தது இரைச்சல். வலது ஒலிபெருக்கியில் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. நாற்பது வினாடி கழித்துப் பாட்டு சுத்தமாகத் திரும்பி வந்தது.

அவர் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். கறுப்புத் தட்டில் ஒரே ஒரு இடத்தில், விரல் நகம் அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்.

"அவன் கிட்ட என்னா பெட்டி இருக்கு?"

"பழைய மோனோ. அவங்க அப்பா வாங்குனது."

"ஊசி தாவாம இருக்க அதப் புடிச்சிருக்கிற கைமேல காசு ஒட்டியிருப்பானே?"

ஒட்டியிருந்தான். இருபது காசு. நானே பார்த்திருக்கிறேன். மலாக்காவில் பழைய பெட்டி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மோனோ தட்டு அதைத் தாங்கும். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தை அந்தக் கனத்த ஊசி அரத்தால் ராவுவதுபோல ராவிவிடும்.

"ஒரு தடவ ரெண்டு தடவ போட்டா இப்படி ஆவாது" என்றார். "நூறு தடவ போட்டிருக்கான். இந்த எடத்த மட்டும். மேதாவி. தான் வாசிச்சதக் கேட்டுக் கேட்டுச் சொக்கிட்டான் போல."

எல்.பி.யை வைத்துவிட்டுச் சின்னத் தட்டைப் போட்டார். அதே பாட்டு, எல்லாம் ஒரே கட்டியாக. தனி தொடங்கியது. நான்காவது வினாடியில் 'டங்' என்று ஒரு கம்பி அறுந்தது. கூட்டம் சிரித்தது. கிட்டார் நின்றது. டிரம் மட்டும் தனியாகப் போயிற்று. பிறகு கிட்டார் திரும்பி வந்தது, கீழே, தடித்த கம்பிகளில், தட்டுத் தடுமாறி, கோபமாக. எல்.பி.யில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு சுரம்கூடப் பொருந்தவில்லை.

"ஆமால்ல" என்றார் கலியாணசுந்தரம். "அன்னைக்கு ஹால்ல கம்பி அறுந்துச்சு. எல்.பி. கேட்டப்போ நாந்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்னு நெனச்சிட்டேன். ஸ்டூடியோல வேற ஆள வெச்சு மேல வாசிச்சிட்டானுங்க."

"அறுந்துபோகல. நான் பாத்தேனே."

"நீ அன்னைக்கு எத்தன மணிக்கு வேலைக்குப் போன?"

பத்து மணி ஷிஃப்ட். ஒன்பதே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தேன். மேடையில் அப்போது ஆங்கர்ஸின் சொந்தக் கிட்டார்காரன்தான் நின்றுகொண்டிருந்தான்.

ராஜா மேடையேறியதை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் கேள்விப்பட்டேன். பிறகு எல்.பி.யைக் கேட்டேன். அவன் கையும் விளக்கு வெளிச்சமும் அந்த நாற்பது வினாடியும் என் தலையில் தெளிவாக இருந்தன. எல்லாம் தட்டிலிருந்து வந்தவை. ஏழெட்டுப் பேரிடம் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்கும் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சாம்பல் வளையத்தை மறுபடி பார்த்தேன். தான் வாசித்ததை எவனும் நூறு தடவை போட்டுக் கேட்கமாட்டான். அடுத்தவன் வாசித்ததைக் கற்றுக்கொள்ளத்தான் போடுவான்.

என்னிடமும் அந்த எல்.பி. ஒன்று இருந்தது. பெட்டி இல்லாதவன் அட்டையைப் பார்ப்பதற்காக வாங்கி வைத்தது. வீட்டுக்குப் போய் அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கலியாணசுந்தரத்துக்கு ஈடு கொடுக்க என்றுதான் நினைத்தேன். பிறகு சைக்கிளைக் காஜா பெராங் பக்கம் திருப்பினேன்.

"மாசோக் லா, கருணா" என்று பொன்னம்மா உள்ளே கூப்பிட்டார். "மத்தியானத்திலிருந்து சாப்பிடல. தட்டக் காணோம்னு எங்கூடச் சண்டை."

ராஜா தரையில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். இடது கை விரல் நுனிகளில் பிளாஸ்டர். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கவர், அலுவலக முகவரியோடு. ராஜினாமா. மறுநாள் கொடுப்பதாக இருந்தான்.

"தட்ட ஏன் எடுத்த? தனில எனக்கு இன்னும் நாலு பார், நாலு தாளக் கட்டம், கத்துக்கப் பாக்கி."

"அப்ப அது நீ வாசிச்சது இல்ல."

"எது?"

"டேய்."

அவன் கிட்டாரைக் கீழே வைத்தான். "நான் எப்ப சொன்னேன், அது நான்னு? நீதானே சொன்ன. நீதானே கம்பெனிக்குச் சூராட் போட்ட."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பதில் வந்துருச்சு. அம்மா கோயில்ல சொல்லிருச்சு. ஆபீஸ்ல கேக் வெட்டிட்டானுங்க." கொஞ்சம் சிரித்தான். "எல்லாரும் அழகா வாசிச்சேன்னு சொல்றான். ஒருத்தன்கூடக் கம்பி அறுந்ததப் பத்திப் பேசல, கருணா. அந்த ஹால்ல எவ்ளோ பேர் இருந்தான். ஒருத்தன்கூட."

"நான் வேற கடிதம் எழுதுறேன். தப்பு என்னோடதுன்னு."

"எழுதி? நான் மறுபடி மேப் வரையணும். நீ ஐஸ் இழுக்கணும். போதுமா?"

"அங்க போய் மாட்டிக்கிட்டா?"

"மாட்ட மாட்டேன். தனி வந்துருச்சு. நாலு பார்தான். அந்த எடத்துல தட்டு தேஞ்சிருச்சு, ஒரே இரைச்சல். கடைல கேட்டேன், சூடா ஹாபிஸ், வித்துப்போச்சு." என் பையைப் பார்த்தான். அட்டையின் மூலை வெளியே தெரிந்தது. "அது என்னா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கவரைக் கிழித்திருக்கலாம். அவன் கொஞ்ச நாள் பேசமாட்டான், பிறகு பேசுவான். ஆனால் அவன் போகாவிட்டால் என் பொய்யை ஊர் முழுக்க நான் தின்ன வேண்டும். அவன் போய் வாசித்து வேலையும் வாங்கிவிட்டால் அது பொய்யாகவே இருக்காது. அப்படித்தான் கணக்குப் போட்டேன். தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"காச எடுத்துட்டுப் போடு" என்றேன். "இல்லாட்டி இதுவும் போயிரும்."

"எடுத்தா தாவும்" என்றான்.

திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தான். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினான். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நான் வெளியே வந்தபோது ஐஸ் தொழிற்சாலை வாசலில், மீன் வேன்களுக்கு நடுவே, கிட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வாசிச்சேன்" என்றான். "பிசகே இல்ல. நாலு பாரும் வந்துச்சு."

"அப்பறம்?"

"ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்திருந்தார். சிரிச்சார். கெட்ட சிரிப்பு இல்ல. மூலைல ஒரு கெழவர் கோப்பி குடிச்சுக்கிட்டிருந்தார். சிரிச்சவர் அவரக் காட்டி, 'அது இவரோடது. இவர் இங்க தினமும் இருக்கார். உன்னோடத வாசி' அப்படின்னார்."

எனக்குப் புரிய நேரமானது. தட்டை மாற்றியவர்களுக்கு மாற்றியது தெரியாதா? என் கடிதத்தைப் படித்தபோதே சிரித்திருப்பார்கள். அவர்கள் கூப்பிட்டது கம்பி அறுந்த பிறகும் விடாமல் வாசித்தவனை. அந்தப் பதிவு அவர்களிடம்தான் இருந்தது. எல்.பி.யை நம்பியது நாங்கள் மட்டும்தான்.

"வாசிச்சியா?"

"வரல." பிளாஸ்டர் ஒட்டிய விரல்களைப் பார்த்தான். "ரெண்டு தடவ தொடங்குனேன். வெரல் கெழவர் எடத்துக்கே போவுது. என்னா வாசிச்சேன்னு ஞாபகம் இல்ல. ஒரு மாசமா நான் என்னோடத நெனச்சே பாக்கல. நல்லவருதான். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார்."

அவன் இடத்துக்கு அலுவலகத்தில் ஆள் எடுத்துவிட்டார்கள். போய்க் கேட்டான். மேலதிகாரி கைகொடுத்துவிட்டு, ரேடியோவில் எப்போது கேட்கலாம் என்றாராம்.

நடந்ததை எல்லாம் கலியாணசுந்தரத்திடம் சொன்னேன். உள்ளே போய்ச் சின்னத் தட்டை எடுத்து வந்து கொடுத்தார். கை கழுவச் சொல்லவில்லை.

ராஜாவின் வீட்டில் அந்தப் பெட்டியின் கையில் இருபது காசு இன்னும் ஒட்டியிருந்தது. அதை விட்டுவிட்டேன். இது மோனோ, தாங்கும். தட்டு சுற்றியது. தனி தொடங்கியது, கம்பி அறுந்தது, கூட்டம் சிரித்தது. உள்ளே பொன்னம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார்.

ராஜா முழுவதும் கேட்டான். "இவன் என்னா வாசிக்கிறான்" என்றான், முன்பின் தெரியாத ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோல. கிட்டாரை எடுத்தான். முதல் சுரம் வந்தது. இரண்டாவதில் விரல் மேலே, அந்தக் கிழவரின் இடத்துக்குப் போனது. கையை உதறினான். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். மறுபடி தூக்கி, மறுபடி வைத்தான்.

நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே தட்டில் கம்பி மறுபடி அறுந்தது.